காத்திருப்பவர் ஒருவர் இருக்கட்டும்: பிள்ளைகளிடம் தொண்டுணர்வையும் பொறுப்பையும் வளர்ப்பதற்கான முழுமையான வழிகாட்டி

நம் ஊர்களில் ஒரு பிள்ளைக்குத் தொண்டு என்ற சொல் பெரும்பாலும் அதன் பிறந்தநாள் அன்றுதான் அறிமுகமாகிறது. புத்தாடை உடுத்திக்கொண்டு, பெற்றோருடன் ஏதேனும் ஓர் இல்லத்துக்குச் சென்று, வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளின் இலையில் ஆளுக்கொரு கரண்டி கேசரி வைத்து, படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறது. அன்று இரவு அதே பிள்ளை தான் உண்ட தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போகிறது. காய்ச்சலோடு இருக்கும் அம்மா அதை எடுத்துக் கழுவுகிறார். பகலில் செய்ததற்கும் இரவில் செய்யத் தவறியதற்கும் தொடர்பு உண்டு என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் இரு பிள்ளைகளின் தாய். மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருந்தவள். முகாமுக்குப் போய் இறங்கியதும் யாரும் சொல்லாமலே துடைப்பத்தை எடுக்கும் மாணவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களின் வீடுகளை விசாரித்தபோதெல்லாம் ஏறத்தாழ ஒரே செய்திதான் கிடைத்தது. ஒருவர் தம்பியைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டு வருபவராக இருப்பார். ஒருவர் பார்வை மங்கிய தாத்தாவுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுப்பவராக இருப்பார். ஒருவர் கறவை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய பிறகே பள்ளிக்குக் கிளம்புபவராக இருப்பார். தான் வராவிட்டால் காத்துக்கொண்டிருக்கும் ஓர் உயிர் அவர்கள் ஒவ்வொருவருக்கும் வீட்டில் இருந்தது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒன்றைச் சுற்றியே எழுதப்பட்டிருக்கிறது.

தமிழில் ஈகை என்றும் ஒப்புரவு என்றும் இரண்டு சொற்கள் உண்டு. இல்லாதவருக்குக் கொடுப்பது ஈகை. ஊரோடு ஒன்றி வாழ்பவன் ஊருக்குத் தன் பங்கைச் செய்யக் கடமைப்பட்டவன் என்று உணர்ந்து நடப்பது ஒப்புரவு. பிள்ளைகளுக்கு நாம் முதலில் ஈகையைக் கற்றுக்கொடுக்க முயல்கிறோம். அதனால்தான் அது பிறந்தநாளோடு நின்றுபோகிறது. ஒப்புரவிலிருந்து தொடங்கினால் ஈகை அதன் வழியில் தானாக வந்து சேரும்.

தொடங்கும் முன்: வீட்டுக்குள் ஒரு பார்வை

பிள்ளைக்கு எதையும் சொல்லித் தருவதற்கு முன், அது ஏற்கெனவே நம்மிடமிருந்து எதைக் கற்றிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கு எந்தத் தம்ளரில் காப்பி கொடுக்கிறோம்? அது அடுப்படி அலமாரியில் மற்ற தம்ளர்களோடு இருக்கிறதா, கொல்லைப்புறத் திண்டில் தனியே கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறதா? நான்கு வயதுப் பிள்ளைக்கும் அந்தத் தம்ளர் யாருடையது என்று தெரியும். அந்த ஒரு தம்ளர், நாம் பத்து ஆண்டுகள் சொல்லப்போகும் அறிவுரைகள் அனைத்தையும் ஓசையின்றி அழித்துவிடும். யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று பார்த்து வளர்ந்த பிள்ளை பின்னாளில் எவ்வளவு வாரி வழங்கினாலும் மேலிருந்து கீழே கொடுப்பதாகத்தான் நினைக்கும். ஆகவே முதல் வேலை அந்தத் தம்ளரை உள்ளே எடுத்து வைப்பது.

அடுத்தது, அழைக்கும் முறை. குப்பை வண்டி வந்ததும் "குப்பைக்காரன் வந்துட்டான்" என்று பெரியவர்கள் சொன்னால் பிள்ளையும் அதையே சொல்லும். அண்ணன், அக்கா, அம்மா, ஐயா என்ற உறவுச் சொற்கள் நம்மிடம் ஏராளமாக இருக்கின்றன. பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, வயதுக்கேற்ற உறவைச் சேர்த்து அழைக்கப் பழக்குங்கள். வீட்டு வேலை செய்பவருக்கு மாதச் சம்பளத்தைக் குறித்த நாளில், பிள்ளையின் கண்முன்னே, நன்றி சொல்லிக் கொடுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதும் வரிசையில் முந்தாமல் நிற்பதும்கூட இந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றை விளக்கிச் சொல்லத் தேவையில்லை, செய்தால் போதும்.

முதல் படி: உதவ நீளும் கையைத் தடுக்காதீர்கள் (ஒன்றரை வயது முதல் ஐந்து வரை)

உதவும் இயல்பை நாம் பிள்ளைக்குள் புதிதாக விதைக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஆய்வு செய்த ஃபெலிக்ஸ் வார்னெக்கனும் மைக்கேல் தோமசெல்லோவும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 18 மாதக் குழந்தைகள் முன்பின் அறியாத பெரியவர் ஒருவர் கைதவறிப் போட்ட பொருளை எடுத்துக் கொடுத்தன. இரு கைகளிலும் பொருளை ஏந்தியபடி அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் நின்றவருக்குக் கதவைத் திறந்துவிட்டன. யாரும் அவற்றைக் கேட்கவில்லை, பரிசும் தரவில்லை.

இந்த இயல்பு நம் வீடுகளில் மங்கிப்போவது எப்படி என்பதை எந்த அடுப்படியிலும் பார்க்கலாம். இரண்டு வயதுப் பிள்ளை பட்டாணி உரிக்க வந்து உட்காரும். பாதி தரையில் சிந்தும், கால் பங்கு வாய்க்குள் போகும். நமக்கு அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டிருக்கும். "நீ போய் விளையாடு கண்ணு" என்று எழுப்பி விடுவோம். இப்படி இருநூறு முறை எழுப்பி விட்ட பிறகு, பன்னிரண்டு வயதில் "ஒரு வேலையும் செய்ய மாட்டேன் என்கிறான்" என்று குறைபட்டுக்கொள்கிறோம். அவன் ஒரு காலத்தில் வந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான்.

ஆகவே இந்த வயதில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வேலையைப் பிள்ளையின் கைக்கு ஏற்றபடி சிறிதாக்கிக் கொடுப்பது. கறிவேப்பிலையை உருவுவது, காய்ந்த துணிகளில் காலுறைகளைச் சோடி சேர்ப்பது, சாப்பிட உட்காரும் முன் ஆளுக்கொரு தம்ளர் வைப்பது, பூண்டுத் தோலைக் கூட்டிக் குப்பைத் தொட்டியில் போடுவது ஆகியவை போதும். செய்து முடித்ததை நாம் மறுபடியும் திருத்திச் செய்வதைப் பிள்ளை பார்க்கக்கூடாது. அதன் கண்முன்னே தம்ளரை நகர்த்தி நேராக்கினால், உன் வேலை பயன்படவில்லை என்று சொன்னதாகிவிடும். வார நாட்களின் காலையில் இதற்கு நேரம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளாவது அடுப்படியை அரை மணி நேரம் மெதுவாக இயங்க விடுங்கள்.

இரண்டாம் படி: ஒருவர் காத்திருக்கும் வேலை (ஆறு முதல் பத்து வரை)

வழிகாட்டியின் நடுப்பகுதி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வீட்டு வேலைகளில் இரண்டு வகை உண்டு. தன் படுக்கையை மடிப்பது, தன் புத்தகப்பையை அடுக்குவது, தன் தட்டைக் கழுவுவது ஆகியவை தன்னைச் சார்ந்த வேலைகள். அவை ஒழுக்கத்தைத் தரும். இன்னொருவர் எதிர்பார்த்திருக்கும் வேலை அடுத்த வகை. பொறுப்பு அதிலிருந்துதான் வரும். பெரும்பாலான பெற்றோர் முதல் வகையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தன் படுக்கையை ஒரு நாள் மடிக்காமல் விட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. பாட்டியின் சொட்டு மருந்தை மறந்தால் பாட்டி தவிப்பார். பிள்ளைக்கு இந்த வேறுபாடு மிக நன்றாகப் புரியும்.

இரண்டாம் வகை வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அந்த வேலை உண்மையில் யாருக்காவது தேவையா, அல்லது பிள்ளைக்காக நாமே உண்டாக்கியதா? அதை அந்த வயதில் தனியாகச் செய்து முடிக்க முடியுமா? தினமும், அல்லது குறித்த நாளில் தவறாமல், வருவதா? செய்யாவிட்டால் ஏற்படும் குறை பிள்ளையின் கண்ணுக்குத் தெரியுமா? நான்கிற்கும் ஆம் என்று விடை வரும் வேலைகள் எல்லா வீட்டிலும் உண்டு. இரவு எல்லாருக்கும் குடிநீர்ப் பாத்திரத்தை நிரப்பி வைப்பது, எதிர்வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்கு நாளிதழைப் படியேற்றிக் கொடுப்பது, மொட்டைமாடியில் பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது, தங்கைக்கு வாரத்தில் மூன்று நாள் வாய்ப்பாடு கேட்பது போன்றவை.

என் மகளுக்கு ஏழு வயதில் கொடுத்தது, கீழ்வீட்டுப் பாட்டிக்கு மாலையில் ஒரு குடம் தண்ணீர் பிடித்து வைக்கும் வேலை. குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் பாட்டியால் குனிந்து பிடிக்க முடியாது. மகளால் முழுக் குடத்தைத் தூக்க முடியாது. ஆகவே சின்னச் செம்பில் மொண்டு மொண்டு ஊற்றுவாள். முதல் வாரம் உற்சாகமாகப் போனது. இரண்டாம் வாரம் ஒரு நாள் விளையாட்டில் மறந்துவிட்டாள். நான் நினைவூட்டவில்லை, அது எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. ஏழு மணிக்குக் கீழே இறங்கியவள், பாட்டி காலிக் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். பாட்டி கோபிக்கவில்லை. "வந்துருவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்டா" என்று மட்டும் சொன்னார். அன்று நான் மாடியிலிருந்து இரண்டு வாளி இறக்கிக் கொடுத்தேன். அதன் பிறகு அந்த வேலையைப் பற்றி நான் பேச வேண்டிய தேவை வரவில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். இத்தகைய வேலைகளைப் பெண் பிள்ளைக்கு மட்டும் பகிர்ந்துவிட்டு, ஆண் பிள்ளையைக் கடைக்கு அனுப்புவதோடு விட்டுவிடும் வழக்கம் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அது பெண்ணுக்குப் பாரம், ஆணுக்கு இழப்பு. பிறரைக் கவனித்துக்கொள்ளும் திறன் பழக்கத்தால்தான் வரும். பழகாத கைக்கு நாற்பது வயதிலும் அது வராது. நோயாளிக்குக் கஞ்சி காய்ச்சுவதும், தொட்டிலை ஆட்டுவதும், சோற்றை வடிப்பதும் மகனுக்கும் தெரிந்திருக்கட்டும்.

கூலியும் பாராட்டும்

வேலைக்குப் பணம் கொடுக்கலாமா என்று பெற்றோர் அடிக்கடி கேட்பார்கள். வீட்டுப் பொறுப்புகளுக்குக் கொடுக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. மேலே சொன்ன அதே ஆய்வாளர்கள் 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொரு சோதனை செய்தார்கள். உதவியதற்குப் பரிசுப் பொருள் பெற்ற குழந்தைகள், பரிசு நின்ற பிறகு, எதுவும் பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவின. பரிசு வந்த இடத்திலிருந்து விருப்பம் விலகிக்கொண்டது. கைச்செலவுக்குப் பணம் தருவதாக இருந்தால் தனியாகத் தாருங்கள், வேலையோடு முடிச்சுப் போட வேண்டாம்.

பாராட்டு வேண்டும், ஆனால் அது வேலையையும் அதனால் பயன்பெற்றவரையும் பற்றியதாக இருக்கட்டும். "நீ ரொம்ப நல்ல பிள்ளை" என்று கேட்ட பிள்ளை, அடுத்த முறை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யும். "நீ விளக்கைப் போட்டு வைத்ததால் அப்பா இருட்டில் தடுக்காமல் வந்தார்" என்று கேட்ட பிள்ளை அப்பாவைப் பார்க்கும். நட்சத்திரம் ஒட்டும் அட்டவணைகளை நானும் ஒரு காலத்தில் சுவரில் மாட்டினேன். நட்சத்திரம் தீர்ந்ததோடு ஊக்கமும் தீர்ந்தது.

மூன்றாம் படி: தவறும்போது

எல்லாப் பிள்ளையும் மறக்கும், மறுக்கும், பொய்யும் சொல்லும். அப்போது நாம் செய்வதுதான் பொறுப்பைக் கட்டவோ குலைக்கவோ செய்கிறது. அமெரிக்க உளவியலாளர் மார்ட்டின் ஹாஃப்மன் பிள்ளைகளின் பரிவுணர்வைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். அடியும் மிரட்டலும் பிள்ளையின் கவனத்தை அடிப்பவர் மீதே திருப்புகின்றன. செயலால் இன்னொருவருக்கு என்ன நேர்ந்தது என்று காட்டுவதோ கவனத்தைப் பாதிக்கப்பட்டவர் பக்கம் திருப்புகிறது என்பது அவர் கருத்தின் சாரம். வகுப்பில் நான் கண்டதும் அதுவே.

நடைமுறையில் மூன்று செயல்கள். முதலாவது, என்ன நேர்ந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்வது: "நீ கதவைப் பூட்டாமல் வந்ததால் ஆடு உள்ளே போய் அக்காவின் செடி முழுவதையும் மேய்ந்துவிட்டது." இரண்டாவது, சரிசெய்யும் வேலையைப் பிள்ளையிடமே விடுவது: புதிய நாற்றுகளை வாங்கி வந்து அக்காவோடு நட வேண்டும். மூன்றாவது, பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வது. மூன்று நாள் கழித்து வந்த விருந்தாளியிடம் அதைச் சொல்லிச் சிரிக்கக்கூடாது. வாயால் மட்டும் மன்னிப்புக் கேட்க வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கையால் சரிசெய்த பிறகு வரும் மன்னிப்பு வேறு மாதிரி இருக்கும்.

பிள்ளை மறந்த வேலையை நாம் ஓடிப்போய்ச் செய்து மறைப்பது அன்பினால்தான். ஆனால் காத்திருந்தவருக்கு நேர்ந்த குறையைப் பிள்ளை அறியாமலே போய்விடுகிறது. உயிருக்கோ உடலுக்கோ தீங்கு வரக்கூடிய வேலை என்றால் மட்டும் உடனே தலையிடுங்கள். மருந்து போன்றவற்றை ஒருபோதும் பிள்ளையின் பொறுப்பில் மட்டும் விடாமல், பெரியவர் ஒருவரின் கண்காணிப்பிலேயே வைத்திருங்கள்.

நான்காம் படி: வாசலுக்கு வெளியே (எட்டு முதல் பதின்மூன்று வரை)

வீட்டிலிருந்து ஊருக்குப் போகும் பாதை குப்பைத் தொட்டி வழியாகப் போகிறது என்பேன். திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2016இல் வந்ததிலிருந்து வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுப்பது சட்டப்படியான கடமையாக இருக்கிறது. ஆனால் பிள்ளைக்குச் சட்டத்தைவிட ஒரு விரலைக் காட்டுவது பயன்தரும். எங்கள் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரின் கட்டைவிரலில் ஒரு நாள் துணி சுற்றியிருந்தது. யாரோ பையில் போட்டிருந்த கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது என்றார். சில நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு கண்ணாடித் தம்ளர் உடைந்தது. எட்டு வயது மகனை எட்டி நிற்கச் சொல்லிவிட்டு, சில்லுகளை நான் முறத்தில் வாரினேன். அவற்றைப் பழைய செய்தித்தாளில் நான்கு மடிப்பாகச் சுற்றினோம், சணல் கயிற்றால் கட்டினோம். அதன்மேல் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் "கண்ணாடி, கவனம்" என்று அவன் எழுதினான். மறுநாள் காலை வண்டிச் சத்தம் கேட்டதும் ஓடிப்போய்த் தன் கையாலேயே கொடுத்தான். அந்த அம்மா அதைத் தள்ளுவண்டியின் ஓரத்தில் தனியே வைத்துவிட்டு, "உன் பேரு என்ன கண்ணு?" என்று கேட்டார். அவனும் அவர் பெயரைக் கேட்டு வந்தான். எங்கள் வீட்டில் அதுவரை யாருக்கும் அவர் பெயர் தெரியாது என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

பயன்படுத்திய அணையாடையையும் சானிட்டரி நாப்கினையும் தாளில் சுற்றிக் குறியிட்டுத் தனியே கொடுப்பது, ஊசியையும் பிளேடையும் மூடியுள்ள டப்பாவில் போடுவது, ஈரக் குப்பையில் பிளாஸ்டிக் கலக்காமல் பார்ப்பது ஆகியவற்றையும் இந்த வயதிலேயே பழக்கலாம். இது சுற்றுச்சூழல் பாடம் மட்டுமன்று. தான் தூக்கி எறிவதை இன்னொருவர் கை எடுக்கப்போகிறது என்ற நினைவு அதில் இருக்கிறது.

இந்தப் பருவத்துக்கு நான் பரிந்துரைக்கும் இன்னொரு வேலை, கோடையில் வாசலில் தண்ணீர்ப் பானை வைப்பது. தண்ணீர்ப் பந்தலும் மோர்ப் பந்தலும் நமக்குப் பழகிய அறங்கள். ஆனால் பிள்ளைகளுக்குப் பந்தல் வேண்டாம், ஒரு மண்பானை போதும். நிழல் விழும் இடத்தில் மணல் பரப்பிப் பானையை வைத்து, மூடி போட்டு, மொள்ளுவதற்கு நீண்ட காம்புள்ள அகப்பை ஒன்றும் தம்ளர் இரண்டும் வைக்க வேண்டும். காலையில் காய்ச்சி ஆற்றிய அல்லது வடிகட்டிய நீரை ஊற்ற வேண்டும். மாலையில் மீதியைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பானையைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்க்க வேண்டும். முதல் வாரம் தெருப் பிள்ளைகள் எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள், இரண்டாம் வாரம் பாதிப் பேர் வருவார்கள். மூன்றாம் வாரம்தான் உண்மையான தேர்வு. யாருக்கு எந்தக் கிழமை என்று ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிடுங்கள். வெயிலில் வந்த ஆட்டோ ஓட்டுநர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி மூடிவைத்துச் செல்வதைத் தன் முறைக்குரிய நாளில் பார்த்த பிள்ளை, அடுத்த வாரம் ஆறு மணிக்கே எழுந்துவிடும்.

ஐந்தாம் படி: கொடுப்பதற்குக் கற்பது

இப்போதுதான் ஈகைக்கு வருகிறோம். இதில் முதன்மையானது வாங்குபவரின் மதிப்பு.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் பகுதியில் நாடெங்கிலுமிருந்து வந்த பழைய துணிகள் சாலையோரங்களில் குவிந்து கிடந்தன. உடைமை அனைத்தையும் இழந்திருந்த மீனவ மக்கள் அவற்றைத் தொட மறுத்தார்கள். கிழிந்ததும் கறைபட்டதும் அவர்களுக்குப் பொருந்தாததுமாக அவை இருந்தன. அலமாரியைக் காலி செய்வதைக் கொடை என்று நினைத்ததால் வந்தது அது. பிள்ளையோடு உட்கார்ந்து பொருள்களைப் பிரிக்கும்போது, "இதை உன் நெருங்கிய நண்பனுக்குக் கொடுப்பாயா?" என்ற ஒரே கேள்வியைக் கேளுங்கள். கொடுக்கமாட்டேன் என்றால் அது வேறு யாருக்கும் உரியதன்று. கொடுக்கும் சட்டையைத் துவைத்து, தேய்த்து, விட்டுப்போன பொத்தானைப் பிள்ளையே தைத்துக் கொடுக்கட்டும்.

பிறந்தநாள் உணவைப் பற்றி என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். இல்லங்களுக்கு உணவும் பணமும் தேவைதான்; தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உங்கள் பிள்ளையைக் கரண்டியோடு நிற்க வைத்து, அதே வயதுப் பிள்ளைகளைக் கைதட்டிப் பாட வைத்து, இலை முன்னே அவர்களைப் படம் எடுக்காதீர்கள். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு நன்றி சொல்ல நேரும் பிள்ளையின் இடத்தில் ஒரு நிமிடம் உங்கள் பிள்ளையை வைத்துப் பாருங்கள். பணத்தை முன்னதாகவே அலுவலகத்தில் செலுத்திவிடலாம். இல்லத்தாரிடம் உண்மையில் என்ன தேவை என்று கேட்டால், உணவு தேதிகள் நிரம்பிவிட்டன, நோட்டுப் புத்தகமோ தேர்வுக் கட்டணமோ மருந்தோ தேவை என்று சொல்லக்கூடும். பிள்ளையும் பங்கெடுக்க வேண்டும் என்றால் காய் நறுக்குவதிலும் பாத்திரம் கழுவுவதிலும் எடுக்கட்டும். வடலூரில் வள்ளலார் 1867இல் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிவதைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது, இலையில் உட்காரும் யாரிடமும் நீ யார் என்று கேட்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரமலான் மாதத்தில் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு எல்லா மதத்துப் பிள்ளைகளும் நிற்பதும் அதே பாடம்தான்.

வீட்டிலிருந்தே தொடர்ந்து கொடுப்பதற்கு நம்மிடம் எளிய முறை ஒன்று உண்டு: பிடி அரிசி. உலையில் அரிசி போடுவதற்கு முன் ஒரு பிடியைத் தனிக் கலத்தில் போட்டு வைப்பது. பிள்ளையின் கைப்பிடி ஐம்பது கிராம் என்று வைத்துக்கொண்டாலும் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ சேரும். தெருவில் பத்து வீடு சேர்ந்தால் பதினைந்து கிலோ. இதில் எனக்குப் பிடித்தது, எஞ்சியதிலிருந்து எடுக்காமல் உண்பதற்கு முன்பே எடுத்து வைப்பது. காமராசர் ஆட்சிக்காலத்தில் 1956 அளவில் பள்ளி மதிய உணவு ஊர் ஊராகப் பரவியபோது, அரசு உதவியோடு ஊர் மக்கள் தந்த அரிசியும் காய்கறியும் விறகும் சேர்ந்துதான் அடுப்பு எரிந்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் மக்கள் மேசை, நாற்காலி, கரும்பலகை, கட்டடம் என்று தங்கள் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளையின் பள்ளி பழைய பள்ளியாக இருந்தால், அதன் நிலம் யார் தந்தது, முதல் கட்டடத்தை யார் கட்டினார்கள் என்று விசாரித்து வரச் சொல்லுங்கள். தான் உட்கார்ந்து படிக்கும் பெஞ்சு முன்பின் அறியாத ஒருவரின் கொடை என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை, தன்னையும் வாங்கியவர் வரிசையில் வைத்துப் பார்க்கும்.

ஆறாம் படி: பதின்பருவம்

பதினான்கு வயதுக்குப் பிறகு நாம் வேலையைத் தேர்ந்து கொடுக்கக்கூடாது. தனக்கு எது கைவருகிறதோ அதைக் கொண்டு யாருக்கு உதவலாம் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். கணக்கு நன்றாக வரும் பிள்ளை, பக்கத்துத் தெருவில் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் இரண்டு மாலை சொல்லிக்கொடுக்கலாம். தெளிவாக வாசிக்கத் தெரிந்தவர் பார்வையற்ற மாணவருக்குப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கலாம். கல்லூரித் தேர்வுகளில் அவர்கள் சொல்வதை எழுதித் தர ஆள் கிடைக்காமல் தவிப்பது பலருக்குத் தெரியாது. இதில் ஒரு நுட்பம் உண்டு: அவர் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும், தனக்குத் தெரிந்த விடையை எழுதக்கூடாது. உதவுவது என்றால் தன்னை ஒதுக்கி வைப்பது என்பதை இதைவிடத் தெளிவாகக் கற்பிக்கும் வேலையை நான் கண்டதில்லை. எந்தத் தேர்வுக்கு யார் எழுதலாம் என்பதற்கு விதிகள் இருப்பதால், தேர்வு மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளியில் இளஞ்செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், தேசிய பசுமைப் படை, நாட்டு நலப்பணித் திட்டம் ஆகியவை இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969இல் தொடங்கப்பட்டது. "எனக்காக அல்ல, உனக்காக" என்பது அதன் கருத்து. ஏழு நாள் சிறப்பு முகாமுக்குப் பிள்ளையை அனுப்பத் தயங்காதீர்கள். சான்றிதழுக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்காதீர்கள், திரும்பி வந்ததும், "அந்த ஊரில் யாரைத் தெரிந்துகொண்டாய்?" என்று கேளுங்கள்.

பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வந்தால் நம் வீடுகளில் பிள்ளைக்கு எல்லா வேலைகளிலிருந்தும் விடுதலை கிடைத்துவிடும். தண்ணீர் கேட்டால் கைக்கு வரும், சாப்பாடு மேசைக்கு வரும். இரண்டு ஆண்டுகள் வீடு முழுவதும் ஒருவரைச் சுற்றியே இயங்கிவிட்டால், அந்தப் பழக்கத்தை மாற்றுவது கடினம். வேலையைக் குறைக்கலாம், ஆனால் ஒன்றை மட்டுமாவது விட்டு வையுங்கள். பத்து நிமிடம் போதும். பொதுத்தேர்வு நாளன்று காலையிலும் பறவைத் தண்ணீரை மாற்றிவிட்டுப் போன மாணவியை எனக்குத் தெரியும். அந்தப் பத்து நிமிடம் மனத்தை அமைதிப்படுத்தியது என்று அவள் சொன்னாள்.

எல்லைகளைச் சொல்லித் தருதல்

உதவும் பிள்ளையைச் சுரண்டுவோரும் இருக்கிறார்கள். அறிமுகமில்லாத பெரியவர் தனியாக அழைத்து உதவி கேட்டால், "அம்மாவைக் கூட்டி வருகிறேன்" என்று சொல்லிவிட்டு விலகி வர வேண்டும். பிற வீடுகளுக்குள் தனியே போகக்கூடாது. தனக்கோ நண்பனுக்கோ யாரேனும் தீங்கு செய்தால் அழைக்க வேண்டிய குழந்தைகள் உதவி எண் 1098. விபத்தைக் கண்டால் 108. இவ்விரண்டும் மனப்பாடமாக இருக்கட்டும். முதியவர்களுக்குக் கைப்பேசியில் உதவும் பிள்ளை, அவர்களின் ரகசிய எண்ணையும் ஓடிபியையும் கேட்கவோ யாருக்கும் சொல்லவோ கூடாது. கிணற்றிலோ ஏரியிலோ ஒருவர் தத்தளித்தால் நீருக்குள் குதிக்கக்கூடாது. கூச்சலிட்டு ஆள் சேர்த்து, கரையில் நின்றபடி கயிறோ சேலையோ மிதக்கும் பொருளோ எறிய வேண்டும். காப்பாற்றக் குதித்த பிள்ளையும் சேர்ந்து மூழ்கும் துயரம் நம் ஊர்களில் மீண்டும் மீண்டும் நடப்பதால் இதை ஒத்திகையே பார்த்து வைக்கலாம்.

எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லித் தன் சாப்பாட்டையும் வீட்டுப்பாட நேரத்தையும் இழக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்களிடம் இன்னும் கொடு என்று சொல்லாமல், முடியாது என்று மரியாதையாகச் சொல்லும் வழியைக் கற்றுக்கொடுங்கள்.

கடைசிப் படி: ஒப்படைத்துவிட்டுப் போவது

பிள்ளை ஒரு நாள் விடுதிக்கோ வேலைக்கோ வெளியூர் போகும். அப்போது அது செய்துவந்த பொறுப்புகள் அப்படியே அறுந்து விழக்கூடாது. போவதற்கு ஒரு மாதம் முன்பே, யாருக்கு எதை ஒப்படைக்கப் போகிறாய் என்று கேளுங்கள். புதியவரை உடன் வைத்துக்கொண்டு இரண்டு வாரம் செய்யட்டும், அடுத்த இரண்டு வாரம் புதியவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். காத்திருப்பவரிடமும் நேரில் போய்ச் சொல்லி விடைபெற வேண்டும்.

என் மகள் கல்லூரிக்குப் போனபோது கீழ்வீட்டுப் பாட்டியின் வேலை தண்ணீரிலிருந்து வளர்ந்து மருத்துவமனைச் சீட்டு, ரேஷன் அட்டை, ஓய்வூதிய நாள் என்று பலவாகியிருந்தது. பதினொரு வயதுத் தம்பிக்காக நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எல்லாவற்றையும் எழுதி வைத்தாள். இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு எந்தச் செவ்வாய், ஆட்டோவில் இடதுபக்கம் உட்கார வைக்க வேண்டும், கோபமாக இருந்தால் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும் என்றெல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தாள்: "ஆறரைக்கு மேல் தாமதமானால் படியில் வந்து உட்கார்ந்துவிடுவார். படி குளிரும். ஆறரைக்குள் போய்விடு."